இடைநிலை வகுப்புக்களில் ஆங்கில மீட்டல்

'மீட்டல்' என்னுஞ் சொல் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளுடையது. ஈடு வைத்த நகையைப் பணங்கொடுத்துத் திரும்பப் பெறுதல் மீட்டல். யாழ் நரம்பை விரலால் இயக்கி இசை எழுப்புதலும் மீட்டல். ஈழத்துப் பாடசாலைகளிலே மூன்றாவது பொருள் ஒன்றும் வழங்குகின்றது. முன்னர்க் கற்ற பாடங்களைப் பரீட்சைக்கு முன் திரும்பவும் பயிலுதலை ஆசிரியரும் மாணவரும் மீட்டல் என்பர். முதலிரண்டு மீட்டலும் பயனுடையன என்பதில் ஐயமில்லை. மீட்டவன் கையில் நகை இருக்கும். மீட்டியவன் செவியில் இசை இருக்கும். மூன்றாவதோ, ஆங்கிலப் பாடத்தைப் பொறுத்த வரையில், பெரும்பாலும் பயனின்றிக் கழிகின்றது. மாணவன் கொப்பியைப் புரட்டுகின்றான், சொற்பட்டியலை உருப்போடுகின்றான், சென்ற ஆண்டின் வினாத்தாளுக்குரிய விடைகளை எழுதிப் பார்க்கின்றான். பரீட்சை முடிந்த மறுகிழமை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியஞ் சொல்லுமாறு கேட்பின் நாவெழாது நிற்கின்றான். இஃது ஏன் நிகழ்கின்றது, இதனை மாற்றும் வழி யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு நிலைக்களமாகக் கிழக்கிலங்கையின் சம்மாந்துறையை எடுத்துக்கொள்வோம். காரைதீவுக்கு மேற்கே, நெல்வயல்கள் சூழ அமைந்த பேரூர் அது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் அங்குப் பெரும்பான்மையினராக வாழ்கின்றனர். சம்பான் என்னும் படகுகள் வந்தணைந்த துறையாதலாற் சம்பான்துறை எனப் பெயர் பெற்று, அது பின்னர்ச் சம்மாந்துறை என மருவிற்று என்பது வழங்கிவரும் பெயர்க்காரணம்.

இந்துக் கல்லூரி மலரொன்றிலே சம்மாந்துறையைப் பற்றி எழுதுவானேன் என்று வினவுவார் உளராயின், அவர்க்கு இருவரை நினைவூட்டுதல் போதும். ஒருவர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் கற்று, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமாக விளங்கிய அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் ஆவர். 1942 ஆம் ஆண்டிற் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்த காலத்தில் அவ்வட்டாரத்துப் பிள்ளைகளின் கல்விக்குறையைக் கண்டு, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றக் காரணராயிருந்தவர் அவர். மற்றவர் 1892 இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலங் கற்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகவும் திகழ்ந்தவர் அவர். சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழர்க்கு விளக்கும் 'மதங்கசூளாமணி'யை 1926 இல் தந்த கையே 1947 இல் 'யாழ்நூலை'யும் தந்தது. ஆங்கிலப் பயிற்சி அடிகளின் தமிழைக் குறைக்கவில்லை. அதன் எல்லையை விரித்தது. சம்மாந்துறையிலிருந்து சில கல் தொலைவிற் பிறந்த ஒருவர்க்கு இது கைகூடியது என்பதை அவ்வூர் மாணவர் அறிதல் வேண்டும்.

இனி, இன்றைய நிலையை நோக்குவோம். 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளிலே தாய்மொழி பாடமொழியாயிற்று. அதற்கு முன் பணங்கொடுத்து ஆங்கிலப் பாடசாலையிற் கற்கும் வாய்ப்புச் சிலர்க்கே இருந்தது. அதன்பின் உழவன் மகனும் மீனவன் மகளும் தம் மொழியிலேயே விஞ்ஞானமும் கணிதமும் பயின்றனர். இம்மாற்றம் நன்மையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆங்கிலம் பல பாடங்களுள் ஒரு பாடமாக, கிழமையிற் சில பாடவேளைகளுக்குள் அடங்கிற்று. 1996 இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் உள்ளது. அதன் பிரயோக விஞ்ஞான பீடமோ சம்மாந்துறையிலேயே அமைந்துள்ளது. அங்குப் பாடமொழி ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழிற் பயின்று சிறப்பாகத் தேறிய மாணவி, தன் ஊரிலுள்ள பீடத்தின் முதல் விரிவுரையிலே தன் மொழி ஒலிக்கக் கேளாது திகைக்கின்றாள். வாயில் வீட்டுக்கு அண்மையில் உள்ளது. திறவுகோல் தொலைவில் உள்ளது. அத்திறவுகோல் உருவாகவேண்டிய காலம் ஆறாந்தரம் முதல் ஒன்பதாந்தரம் வரையுள்ள கனிட்ட இடைநிலைப் பருவமே. தொடக்க வகுப்புக்களிற் செவியும் நாவும் சிறிது பழகுகின்றன. பத்தாந்தரத்துக்கு வந்தபின் க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையின் நினைவு ஏனைய எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளிலே நேர்ந்த குறையைப் பின்னர் ஈடுசெய்தல் அரிது.

வாசித்தல், சொல்வளம், இலக்கணம், எழுதுதல் என்னும் நான்கினையும் முறையே நோக்குவோம்.

வாசித்தல்

சம்மாந்துறைச் சிறுவன் ஆறாந்தரத்தை அடையும்பொழுது தமிழ் நெடுங்கணக்கைப் பாடசாலையிலும் அரபு நெடுங்கணக்கைக் குர்ஆன் மதரசாவிலும் கற்றவனாக வருகின்றான். ஒன்று இடமிருந்து வலமாகச் செல்வது. மற்றையது வலமிருந்து இடமாகச் செல்வது. ஆயினும் இரண்டிற்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு: எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் நிலையானது. தமிழின் 247 எழுத்துக்களையும் அறிந்த பிள்ளை முன்பு காணாத சொல்லையும் ஒலித்துவிடும். உயிர்க்குறியிட்ட அரபு வாசகத்தை விதியறிந்தவன் வழுவின்றி ஓதுவான். ஆங்கிலமோ 26 எழுத்துக்களைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைக் குறிக்க முயல்வது. ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கெழுத்துந் தொடர்ந்து நிற்குஞ் சொற்களைப் பாருங்கள்: 'தோ' என்பதில் ஓர் ஒலி, 'த்ரூ' என்பதில் வேறோர் ஒலி, 'ரஃப்' என்பதிலும் 'கொஃப்' என்பதிலும் வேறு வேறு ஒலிகள். 'அறிதல்' என்னும் பொருளுடைய 'நோ' என்னுஞ் சொல்லின் முதலில் ஒலியாத ஒரு 'கே' நிற்கின்றது.

இதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. 1476 ஆம் ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சுப் பரவப் பரவச் சொற்களின் எழுத்துவடிவம் படிப்படியாக நிலைபெற்றது. ஆனால் மக்கள் நாவில் உயிரொலிகள் அக்காலத்திலும் அதன் பின்னரும் பெரிதும் மாறிக்கொண்டேயிருந்தன. சில மெய்யொலிகள் மறைந்தும் போயின. எழுத்துப் பழைய ஒலியைக் காட்டி நிற்க, நாவு புதிய ஒலியைச் சொல்கின்றது. இவ்வுண்மையை ஆறாந்தரத்துப் பிள்ளைக்கு எளிய மொழியில் ஒருமுறை சொல்லுதல் நன்று. குறை தன் அறிவில் இல்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளை அச்சமின்றி வாசிக்கத் தொடங்கும்.

இங்கு ஆசிரியர் பயன்படுத்தத்தக்க வாய்ப்பு ஒன்றும் உண்டு. தமிழெழுத்து வல்லொலியையும் மெல்லொலியையும் வேறு பிரித்துக் காட்டாது. 'பாம்பு' என்பதன் முதற் பகரமும் இறுதிப் பகரமும் ஒலியால் வேறு, எழுத்தால் ஒன்று. ஆதலால் தமிழ்ப்பிள்ளை 'பிக்' என்று பன்றியைச் சொல்வதற்கும் பெரியதைச் சொல்வதற்கும் வேறுபாடு காட்டாது ஒலித்தல் இயல்பு. மதரசாவில் ஓதிய பிள்ளைக்கோ அரபின் இரண்டாம் எழுத்து அந்த மென்மையான ஒலியைக் கற்பித்திருக்கின்றது. ஆங்கிலத்தில் 'டி, எச்' இணைந்து தரும் இரண்டு ஒலிகளையும் எழுதிக் காட்டத் தமிழில் எழுத்தில்லை. அவை அரபின் நான்காம் எழுத்திலும் ஒன்பதாம் எழுத்திலும் உள்ளன. நாவின் நுனி பல்லைத் தொடும் இடத்தை ஓதுவித்த ஆசான் முன்னரே காட்டியிருப்பார். ஆங்கில ஆசிரியர் அதனை நினைவூட்டினாற் போதும். அரபில் இல்லாத வல்லொலிப் பகரத்தைத் தமிழ் தருகின்றது. இரண்டு மொழிகளும் சேர்ந்து பிள்ளையின் நாவை ஆங்கிலத்துக்கு ஆயத்தஞ் செய்துள்ளன என்க.

நிற்க, ஒலித்தல் வேறு, வாசித்தல் வேறு. மறையோதுதலில் ஒலித்தூய்மைக்கே தனிச் சிறப்புண்டு. நம் கோயில்களில் வடமொழி மந்திரஞ் சொல்வாரும் அவ்வாறே கருதுவர். ஆனால் ஆங்கிலப் பாடப்புத்தகம் மறைநூலன்று. அதனைப் பொருளுணராது ஒலிப்பதாற் பயன் யாதுமில்லை. பொருளுணராமலே பிள்ளைகள் வினாக்களுக்கு விடையளித்துவிடுவர் என்பதுதான் இங்குள்ள இடர். பின்வரும் வாக்கியத்தைப் பாருங்கள்: 'துவலன் பெடுவிற் சுணவினான்.' இது பொருளற்ற வாக்கியம். துவலன் எங்கே சுணவினான் என்று கேட்பின் 'பெடுவில்' என்று விடை வரும். பெடுவிற் சுணவியவன் யாவன் எனின் 'துவலன்' என்று விடை வரும். இரண்டு விடைகளும் சரி, புள்ளி முழுமை, அறிவு சூனியம். நம் வகுப்புக்களில் வாசித்தல் மீட்டல் என்று நடைபெறுவது பல வேளைகளில் இதுவேயாம். வினாவிலுள்ள சொல்லை வாசகத்திலே தேடி, அச்சொல் நிற்கும் வாக்கியத்தை அப்படியே பெயர்த்தெழுதும் பழக்கத்தைப் பிள்ளைகள் விரைவிற் கற்றுக்கொள்கின்றனர்.

ஆதலால் வாசித்தலை மீட்கும்பொழுது மூன்று செயல்கள் வேண்டும். முதலாவது, வாசிக்கத் தொடங்குமுன் ஒரு வினாவைத் தருதல். எதனைத் தேடுகின்றோம் என்று அறிந்தவனே வாசகன். இரண்டாவது, உரத்து வாசிப்பதற்கு முன் ஒருமுறை வாய்விடாது வாசிக்கச் செய்தல். மூன்றாவது, வாசகத்திற் சொல்லாற் கூறப்படாத, ஆயினும் அதனால் உணர்த்தப்படும் ஒன்றைக் கேட்டல். இம்மூன்றாவது வினாவுக்குப் பெயர்த்தெழுதி விடையளித்தல் இயலாது. முதலில் அவ்விடை தமிழில் வருமாயின் வரட்டும். பொருள் விளங்கிற்றா என்பதே அவ்வேளையில் நாம் அறியவேண்டுவது.

சொல்வளம்

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என எழுதப்பட்ட பட்டியலை மனனஞ் செய்தலே சொல்வள மீட்டல் என எண்ணுவார் பலர். இரண்டு மொழிகள் உலகத்தை ஒரே வகையாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. தமிழில் 'படி' என்னும் ஒரு வினை ஆங்கிலத்தில் 'ரீட்', 'ஸ்டடி', 'லேர்ன்' எனப் பிரிந்து நிற்கின்றது. 'நான் எட்டாந்தரத்திற் படிக்கின்றேன்' என்பதற்கு 'ரீட்' என்னும் வினையை இட்டு எழுதும் பிள்ளை பட்டியலை நன்றாக மனனஞ் செய்த பிள்ளையே. 'பார்' என்பதும் அவ்வாறே 'சீ', 'லுக்', 'வொட்ச்' என மூன்றாகும். மறுதலையாக, சம்மாந்துறை உழவர் வீட்டிலே நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. ஆங்கிலமோ அரிசிக்கும் சோற்றுக்கும் 'ரைஸ்' என்ற ஒரே சொல்லால் அமைகின்றது. வயலில் நிற்பதை வேறுபடுத்தற்கு மலாய் மொழியிலிருந்து 'பெடி' என்னுஞ் சொல்லைக் கடனாகப் பெற்றது. காக்காவும் தம்பியும் ஆங்கிலத்தில் ஒருவரே; சாச்சாவும் மாமாவும் ஒருவரே. இத்தகைய பொருத்தமின்மைகளைத் தொகுத்து ஒரு பாடவேளை முழுதும் பேசினால், பிள்ளைகள் ஆங்கிலத்தோடு தம் தமிழையும் புதிதாய்க் காண்பர்.

சொல் எவ்விடத்தது என்ற வரலாறும் நினைவுக்குத் துணைசெய்யும். கட்டுமரம் ஆங்கிலத்திற் 'கற்றமரான்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டோனி' ஆயிற்று. சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று. சீனிக்கும் பருத்திக்கும் கோப்பிக்கும் அட்சரகணிதத்துக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் அரபின் வழியே சென்றவை. 'ஸிபர்' என்னும் அரபுச்சொல் சூனியத்தைக் குறிக்கும் 'ஸீரோ'வாகவும் மறையெழுத்தைக் குறிக்கும் 'சைஃபர்' ஆகவும் ஆங்கிலத்தில் இருமுறை புகுந்தது. தம் ஊர்ப்பெயரோடு தொடர்புறும் 'சம்பான்' என்னுஞ் சொல் ஆங்கில அகராதியிலும் இருக்கின்றது என்று காணும் மாணவனுக்கு அவ்வகராதி முற்றிலும் அயலாருடையதாகத் தோன்றாது.

எத்துணைச் சொற்கள் வேண்டும் என்பது அடுத்த வினா. வங்காளத்து டாக்கா நகரில் ஆசிரியப் பயிற்சிப் பணியிலிருந்த மைக்கேல் வெஸ்ட் என்பார் இவ்வினாவுக்கு நெடுங்காலம் உழைத்து விடை தேடினார். 1953 இல் வெளிவந்த அவரது பொதுப்பயன் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. பொதுவான ஆங்கில எழுத்தின் பெரும்பகுதி இச்சொற்களாலேயே இயல்கின்றது. நான்காண்டுகளில் 2,000 சொற்கள் என்றால் ஆண்டுக்கு 500; பாடசாலைக் கிழமையொன்றுக்குப் பதின்மூன்று அல்லது பதினான்கு. இது மலைக்கத்தக்க எண்ணன்று. மலைப்புக்குரியது மறதி. செருமானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை மனனஞ் செய்து, தம்மையே சோதித்து, 1885 இல் நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கற்றவை முதல் நாளிலேயே மிக விரைந்து மறைகின்றன என்பதும், இடைவெளி விட்டுப் பலநாட் பயில்வது ஒரேநாளிற் பலமுறை பயில்வதினும் நிலைக்கும் என்பதும் அவர் கண்டவை. ஆகவே சொல்வள மீட்டல் பரீட்சைக்கு முன்னிரவில் நிகழ்வதன்று. கற்ற மறுநாள் ஒருமுறை, மறுகிழமை ஒருமுறை, மறுமாதம் ஒருமுறை என நிகழ்வது. கொப்பியிற் சொல்லைத் தனியே எழுதாது, அது வரும் ஒரு சிறு தொடரையும், அதன் உறவுச் சொற்களையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். 'ஃபாம்' என்பதோடு 'ஃபாமர்', 'ஃபாமிங்' என்பனவும் வந்தால் ஒரு சொல்லின் செலவில் மூன்று சொற்கள் கைவரும்.

இலக்கணம்

மாணவர் எழுதும் ஆங்கிலப் பிழைகளைக் கண்டு சினத்தல் எளிது. அவற்றை ஆராய்தல் பயனுடையது. பிழைகள் மாணவனின் உள்ளத்தில் இயங்கும் ஒழுங்கைக் காட்டுவன என்று 1967 இல் எஸ். பிட் கோடர் என்னும் மொழியியலறிஞர் எழுதினார். நம் மாணவர் பிழைகளை அக்கண்கொண்டு நோக்கினால், பெரும்பாலானவற்றின் பின்னே தமிழிலக்கணம் நிற்கக் காணலாம்.

'என் வாப்பா விவசாயி' என்பது குறையற்ற தமிழ் வாக்கியம். வினை வேண்டாத பெயர்ப் பயனிலை அது. அதனையே ஆங்கிலத்தில் 'மை ஃபாதர் ஃபாமர்' என எழுதிய மாணவன் 'இஸ்' என்னும் வினையை மறந்தவனல்லன். தமிழுக்கு அது வேண்டாமையால் ஆங்கிலத்துக்கும் வேண்டாமென எண்ணியவன். 'நான் சோறு உண்டேன்' என்பதிற் செயப்படுபொருள் வினைக்கு முன் நிற்கின்றது. ஆங்கிலத்தில் வினைக்குப் பின் நிற்றல் வேண்டும். தமிழில் உருபுகள் 'யாருக்கு, எதனை' என்பவற்றைக் காட்டிவிடுவதாற் சொற்கள் இடம் பெயர்ந்தாலும் பொருள் கெடாது. உருபற்ற ஆங்கிலத்தில் இடமே உருபின் வேலையைச் செய்கின்றது. இந்த ஒரு விளக்கம் பத்து விதிகளை மனனஞ் செய்வதினும் மேலானது.

வேற்றுமையுருபுக்கு ஈடாக ஆங்கிலத்தில் வரும் முன்னிடைச் சொற்களிற் பிள்ளைகள் பெரிதும் இடர்ப்படுவர். 'அறையில், மேசையில், பாடசாலையில்' என எல்லாவற்றுக்கும் தமிழில் 'இல்' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அறைக்கு 'இன்', மேசைக்கு 'ஒன்', பாடசாலைக்கு 'அட்'. 'கொழும்புக்கு, ஐந்து மணிக்கு, உம்மாவுக்கு' என்பவற்றிலுள்ள குவ்வுருபு முறையே 'டு', 'அட்', 'ஃபோ' எனப் பிரிகின்றது. எனவே முன்னிடைச் சொற்களைத் தனித்தனியே பட்டியலிடாது, 'இல்' என்பது எங்கெங்கு எவ்வாறு பிரியும் என உருபிலிருந்து தொடங்கி மீட்டல் வேண்டும்.

வினையின் ஈற்றில் ஓர் 'எஸ்' சேர்ப்பதைப் பிள்ளைகள் ஓயாது மறக்கின்றனர் என்பது ஆசிரியர் யாவரும் கூறுங் குறை. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன, வந்தேன், வந்தோம் என ஒரு வினைக்கு இத்துணை ஈறுகளைப் பிழையின்றி வழங்கும் பிள்ளைக்கு, நிகழ்காலத்தில் ஒரேயொரு ஈறு கடினமாதல் எங்ஙனம்? எழுவாயும் பயனிலையும் இயைதல் வேண்டும் என்பதை அப்பிள்ளை நன்கறியும். ஆங்கிலத்தில் எஞ்சியிருப்பது அவ்வியைபின் சிறு துண்டு என்று காட்டினால் மறவாது. 'நீ வந்தாயா?' என்னும் வினாவிற் காலங்காட்டும் உறுப்பு வினையிலேயே உள்ளது. ஆங்கில வினாவில் 'டிட்' என்னுந் துணைவினை காலத்தைத் தானே சுமந்துகொள்வதால், முதல்வினை காலங்காட்டாது நிற்கும். இரண்டிலும் இறந்தகாலத்தை ஏற்றுவது நம் பிள்ளைகளின் பொதுப்பிழை. சுமையை ஒருவர் தூக்கினாற் போதும் என்று ஓர் ஆசிரியர் கரும்பலகையிற் படம் வரைந்து காட்டினால் அவ்வகுப்பிற் பிழை குறையும். இனி, பெயர்முன் வரும் 'ஏ', 'தி' என்பவற்றுக்குத் தமிழில் நேரான சொல் இல்லை. மதரசா மாணவன் 'கிதாப்' என்பதற்கும் 'அல்கிதாப்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவான். சுட்டிய பொருளுக்கு 'அல்' வருதல் போலவே 'தி' வரும் என்பது அவனுக்கு எளிதில் விளங்கும். எல்லா இடத்தும் இவ்வொப்புமை செல்லாதெனினும் தொடக்கத்துக்கு இது போதும்.

எழுதுதல்

நான்கனுள் மிக நலிந்திருப்பது எழுதுதலே. 'என் பாடசாலை', 'பசு', 'நான் விரும்பும் பண்டிகை' என்னுந் தலைப்புக்களில் யாரோ எழுதிய பந்திகளை மனனஞ் செய்து, பரீட்சைத் தாளில் இறக்கிவைத்தல் எழுத்தென வழங்குகின்றது. அப்பந்தியிற் பசுவுக்கு நான்கு கால்கள் இருக்கும். எழுதியவன் வீட்டுப் பசு சென்ற மாதம் கன்றீன்ற செய்தி இராது. சொந்தச் செய்தி இல்லாவிடத்துச் சொந்த வாக்கியம் பிறப்பதில்லை. ஐந்து வாக்கியங்களேயாயினும், பிழை பலவாயினும், தான் கண்டதைத் தானே எழுதிய பந்தி மனனப் பந்தியினும் மதிப்புடையது. இதனைப் புள்ளியிடும்பொழுது ஆசிரியர் காட்டினாலன்றி மாணவர் நம்பார்.

திருத்துதலிலும் ஒரு நெறி வேண்டும். ஒரு பக்கத்தில் முப்பது சிவப்புக் கோடுகளைக் கண்ட பிள்ளை கொப்பியை மூடிவைக்கும். ஒருமுறை ஒருவகைப் பிழையை, அல்லது இருவகைப் பிழையை மட்டுமே குறித்தல் நன்று. இக்கிழமை இறந்தகால வினைகளைப் பார்ப்பதாயின் அவற்றையே பார்த்தல். ஏனையவற்றைக் கண்டுங் காணாது விடுதல். பிழையின் கீழ்க் கோடிட்டு, திருத்தத்தை மாணவனே எழுதச் செய்தல். தன் கையால் திருத்திய பிழையே நினைவில் நிற்கும்.

நான்கும் ஒன்றாதல்

இதுகாறும் நான்கினையும் வேறுவேறாக நோக்கினோம். ஆனால் நம் மீட்டல் தோற்பதற்குத் தலையாய காரணம் அவற்றை வேறுவேறாக வைத்திருத்தலே என்பது என் துணிபு. திங்களில் ஒரு வாசகம், செவ்வாயில் வேறொரு சொற்பட்டியல், புதனில் இரண்டிற்குந் தொடர்பில்லாத இலக்கணப் பயிற்சி, வியாழனில் எங்கோ கிடந்த தலைப்பிற் கட்டுரை என்றிருந்தால், ஒன்றிற் கற்றது மற்றொன்றில் உதவாது. ஒரே சிறு வாசகத்தைக் கிழமை முழுதும் கைக்கொள்வதே தக்க வழி. எடுத்துக்காட்டாக ஒன்று தருகின்றேன்.

எளிய ஆங்கிலத்திற் பன்னிரண்டு வாக்கியம் கொண்ட ஒரு பந்தியை ஆசிரியர் எழுதிக்கொள்க. அதன் செய்தி இது: விளைந்த வயலைக் காக்கத் தந்தையோடு ஒரு சிறுவன் வட்டைக்குச் சென்று பரணில் இரவு தங்குகின்றான். நள்ளிரவில் மரக்கிளைகள் முறியும் ஓசை கேட்கின்றது. சிறுவன் கூவ வாயெடுக்கின்றான். தந்தை அவன் வாயைப் பொத்துகின்றார். நெடுநேரங் கழித்து ஓசை அகல்கின்றது. விடிந்தபின் சேற்றிலே பெரிய வட்டமான அடிச்சுவடுகளை இருவரும் காண்கின்றனர். யானை என்னுஞ் சொல் அப்பந்தியில் எங்கும் இராது.

முதற் பாடவேளையிற் பிள்ளைகள் அதனை வாய்விடாது வாசிக்கின்றனர். வந்தது எது, தந்தை மகன் வாயைப் பொத்தியது ஏன் என்னும் இரண்டு வினாக்களே கேட்கப்படும். அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைக்கு விடை தெரியும். ஆனால் அதனைப் பெயர்த்தெழுத இடமில்லை, பொருளுணர்ந்தே சொல்லவேண்டும். இரண்டாம் பாடவேளையிற் கிளை, முறிதல், சேறு, சுவடு முதலிய பத்துச் சொற்கள், அவை வாசகத்தில் வந்த தொடரோடு கொப்பியிற் புகும். மூன்றாம் பாடவேளையில் அவ்வாசகத்து வினைகளையே கொண்டு இறந்தகாலமும் வினாவாக்கமும் மீட்கப்படும்: சிறுவன் கேட்டான், கண்டான், சென்றான், அவன் கேட்டானா, கண்டானா, சென்றானா? நான்காம் பாடவேளையிற் சிறுவன் வீடு திரும்பி உம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான் என்று ஒவ்வொருவரும் ஆறு வாக்கியம் எழுதுவர். படித்த வாசகமும், பெற்ற சொற்களும், பயின்ற காலமும் அங்கே ஒருங்கு வந்து உதவும். ஐந்தாம் பாடவேளையில் இருவர் இருவராய்க் கொப்பிகளை மாற்றி, அக்கிழமைக்குரிய ஒருவகைப் பிழையை மட்டும் தேடித் திருத்துவர். ஆசிரியர் மூன்று பிழைகளைக் கரும்பலகையில் எழுதி, எழுதியவர் பெயர் சொல்லாது வகுப்போடு ஆராய்வார். மறுகிழமையின் முதற் பத்து நிமிடத்திலே சென்ற கிழமைச் சொற்கள் ஒருமுறை தலைகாட்டும். மறுமாதத்தில் மீண்டும் ஒருமுறை.

இதற்கு வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் உளரே, பாடத்திட்டத்தை முடிக்கவேண்டுமே, பயிற்சி பெற்ற ஆங்கில ஆசிரியர் போதாரே என்று தடை கூறுவர். தடைகள் மெய்யானவை. ஆயினும் மேற்கூறிய முறைக்கு வேண்டுவன ஒரு பந்தியும் ஒரு கரும்பலகையும் வெண்கட்டியுமே. இருவர் இருவராய்த் திருத்துவதால் நாற்பது கொப்பிகளின் சுமையும் குறையும். பாடத்திட்டத்தை முடித்தல் ஆசிரியர் முடிப்பதையா, மாணவர் கற்பதையா குறிக்கும் என்பதை நாம் நெஞ்சிற் கைவைத்துக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். பாடப்புத்தகத்தை விடுக என்று யான் கூறவில்லை; அதிலுள்ள ஒரு வாசகத்தையே இவ்வாறு கையாளலாம். ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலையிலே தமிழாசிரியரும் உதவலாம். வேற்றுமையுருபையும் பெயர்ப் பயனிலையையும் கற்பிக்கையில், ஆங்கிலத்தில் இது எவ்வாறு வரும் என்று ஒரு சொற் சேர்த்தல் அவர்க்கு அரிதன்று. அதனால் தமிழும் தெளிவுபெறும்.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பரிசளிப்பு விழாவிற் கேடயம் வழங்குதல் நன்று. அதனினும் நன்று, ஊர்ப் பாடசாலையின் இடைநிலை வகுப்புக்களுக்கு எளிய ஆங்கிலக் கதைநூல்கள் ஐம்பது வழங்குதல். பல்கலைக்கழகத்திற் பயில்வோராயின் கிழமைக்கு ஒருநாள் மாலை எட்டாந்தரத்துப் பிள்ளைகள் சிலரோடு அமர்ந்து வாசித்தல். சம்மாந்துறையிலே பீடமும் பாடசாலைகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. அவற்றிடையே உள்ள தொலைவைக் குறைத்தற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை.

ஆங்கிலம் ஆள்வோர் மொழியாய் வந்தது உண்மை; அக்காலத்தில் அது சிலரை உயர்த்திப் பலரைத் தாழ்த்தியதும் உண்மை. அது சிலர் கையிலே தங்கிவிட்டால் இன்றும் அதனையே செய்யும். வசதியுள்ளார் பிள்ளைகள் தனியார் வகுப்பிலும் தலைநகரிலும் அதனைப் பெற்றுக்கொள்வர். வட்டையிற் காவல் இருந்த உழவன் பிள்ளைக்குப் பாடசாலையன்றி வேறு கதியில்லை. அப்பிள்ளையின் ஆங்கிலம் நான்கு ஆண்டுகளாகப் பட்டியலிலும் மனனத்திலும் ஈடு கிடக்கின்றது. அதனை மீட்டுக் கொடுத்தல் நம் கடன்.